ஒலிக்காத எழுத்துகளின் சாட்சியம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மொழி சார்ந்த எந்தப் பொருளிலும் பேசலாம் என்று அறக்கட்டளை விதி தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். ஆங்கிலத்தில் எழுதுகிறோம், ஆனால் வாசிப்பதில்லை என்னும் வகையைச் சேர்ந்த சில எழுத்துகள். அவற்றைப் பொதுவாகக் கொண்ட சொற்கள். அந்தச் சொற்களின் பொருள். இவ்வளவுதான்.

நம் பள்ளிக்கூடங்களில் இந்த எழுத்துகளுக்கு ஒரே பெயர்தான்: ‘சைலண்ட்’. முழங்காலுக்கான ‘நீ’ என்ற சொல்லில் முதலில் ஏன் ‘கே’ வருகிறது என்று பிள்ளை கேட்கும். “கே சைலண்ட்” என்பார் ஆசிரியர். அதோடு கேள்வி முடிந்துவிடும். அடுத்த நாள் டிக்டேஷனில் ‘கே’ விட்டுப்போனால் அதே சொல்லை ஐந்து முறை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஏன் என்று கேட்கவும் வழியில்லை, மறக்கவும் வழியில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒலிக்காத எழுத்து, சொல்லின் பழைய வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்ல நிற்கிறது. ஆனால் எல்லாச் சாட்சியும் உண்மை பேசுவதில்லை. சில எழுத்துகள் கண்டதைச் சொல்கின்றன. சில, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்கின்றன. சில, யாரோ படித்தவர் சொல்லிக்கொடுத்துக் கூண்டில் ஏறிய பொய்ச் சாட்சிகள். குறுக்கு விசாரணை செய்தால் மூன்றையும் பிரித்துவிடலாம். பிரித்துவிட்டால் ஸ்பெல்லிங்கும் பொருளும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

அச்சில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பஸ்ஸின் முதலெழுத்தும் பென்னின் முதலெழுத்தும் தமிழில் ‘பி’ என்றே நிற்கும். எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. கே-என்: முழங்காலும் ஞானமும்

‘கே’யும் ‘என்’னும் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் அதிகம் இல்லை. ‘நீ’ என்றால் முழங்கால். ‘நோ’ என்றால் அறிதல். ‘நைஃப்’ கத்தி. ‘நாட்’ முடிச்சு, ‘நிட்’ பின்னுதல். ‘நக்கிள்’ விரல் கணு. ‘நாப்’ கதவிலும் ரேடியோவிலும் இருக்கும் குமிழ். ‘நீட்’ மாவு பிசைதல். ‘நைட்’ குதிரை வீரன். ‘நேவ்’ போக்கிரி, சீட்டுக்கட்டில் நாம் ஜாக்கி என்று சொல்லும் சீட்டுக்கும் அதுதான் பழைய பெயர்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் ‘க்’ ஒலித்தது. முழங்காலை ‘க்னே’ என்பதுபோல் சொன்னார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள். முடிச்சுக்கு ‘க்னோட்டன்’, மாவு பிசைய ‘க்னேட்டன்’. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் ‘க்’ மெல்ல மெல்ல நாக்கை விட்டுப் போனது. காகிதத்தை விட்டுப் போகவில்லை.

அந்த ‘கே’ எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி வெளியூரில் தேட வேண்டாம். நெடிய, கம்பீரமான ஆளைப் பார்த்தால் நாம் ‘ஆஜானுபாகு’ என்கிறோம். நின்றால் கை முழங்கால் வரை நீளுகிறவர் என்று பொருள். ‘ஜானு’ என்றால் வடமொழியில் முழங்கால். லத்தீனில் அது ‘கெனு’, கிரேக்கத்தில் ‘கோனு’. ஆங்கில முழங்காலின் ஒலிக்காத ‘கே’, வடமொழி ஜானுவின் ‘ஜ’, லத்தீன் கெனுவின் ‘க’ மூன்றும் ஒரே மூல ஒலியின் மூன்று வடிவங்கள்.

‘நோ’ என்ற அறிதல் சொல்லும் அப்படியே. வடமொழியின் ‘ஜ்ஞா’ என்ற வேர் தமிழுக்கு வந்து ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம் என்று ஆகியிருக்கிறது. அதே மூலத்திலிருந்து கிரேக்க வழியாக டாக்டரின் ‘டயக்னோசிஸ்’ வந்தது. கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவரைக் குறிக்கும் ‘அக்னாஸ்டிக்’ வந்தது. லத்தீன் வழியாக ‘ரெகக்னைஸ்’ வந்தது. இந்தச் சொற்களில் எல்லாம் ‘க்’ நன்றாகவே கேட்கிறது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லில் மட்டும்தான் அது வாய் மூடி நிற்கிறது. அங்கேயும்கூட முழு மௌனம் இல்லை. ஒருவர் சொன்னதை ஏற்றுக்கொள்வதற்கான ‘அக்னாலெட்ஜ்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘க்’ எழுந்து நிற்கும்.

குதிரை வீரனுக்கும் போக்கிரிக்கும் இடையில் ஒரு கதை உண்டு. ‘நைட்’, ‘நேவ்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் பையன் என்ற பொருளில் புழங்கியவை. பிறகு வேலைக்காரப் பையன் ஆயின. ஒருவன் பிரபுவின் படையில் சேர்ந்து குதிரை ஏறினான், பட்டம் பெற்றான், இன்று ‘சர்’ என்று அழைக்கப்படுகிறான். மற்றவன் வேலைக்காரனாகவே இருந்து, வேலைக்காரன் என்றாலே ஏமாற்றுவான் என்று எசமானர்கள் நினைத்ததால் போக்கிரியாகிவிட்டான். ஜெர்மனில் முதல்வனின் உடன்பிறப்பான ‘க்னெஷ்ட்’ இன்னும் பண்ணை ஆள்தான். இரண்டாமவனின் உடன்பிறப்பான ‘க்னாபெ’ இன்னும் பையன்தான். ஒரே கூட்டெழுத்தில் தொடங்கிய இரண்டு சொற்களில் எசமானர்கள் எழுதிய சமூக வரலாறு தெரிகிறது.

2. போன எழுத்தும் நின்ற எழுத்தும்

‘க்’ போன பிறகும் ‘கே’ ஏன் நின்றது? ஒலி போனால் எழுத்தும் போவதுதானே இயல்பு?

போன எழுத்துகளும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ரொட்டி ‘ஹ்லாஃப்’, மோதிரம் ‘ஹ்ரிங்’, கொட்டை ‘ஹ்னுட்டு’. மூன்றிலும் முதலில் ‘எச்’ எழுதினார்கள், ஒலிக்கவும் செய்தார்கள். நார்மன் படையெடுப்புக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அந்த ஒலி தேய்ந்தது. எழுத்தும் கூடவே போய்விட்டது. இன்று ‘லோஃப்’, ‘ரிங்’, ‘நட்’ என்ற சொற்களில் ‘எச்’ இருந்த சுவடே இல்லை. சுவடு இல்லாததால் இழந்தது என்ன என்று பாருங்கள். ‘லார்ட்’ என்ற பிரபு உண்மையில் ‘ஹ்லாஃப்-வேர்ட்’, ரொட்டியைக் காப்பவன். ‘லேடி’ என்ற சீமாட்டி ‘ஹ்லாஃப்-டிகெ’. ரொட்டி மாவு பிசைபவள். வீட்டில் சோறு போடுகிறவர்கள்தான் தலைவனும் தலைவியும். எழுத்து போய்விட்டதால் இந்த உறவை இன்று எந்த ஆங்கிலக் குழந்தையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது.

‘எச்’ போனதற்கும் ‘கே’ நின்றதற்கும் நடுவில் நிற்பது அச்சு இயந்திரம். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதற்கு முன் எழுதுகிறவர் தம் ஊரில் பேசுகிறபடி எழுதினார். ஒலி மாறினால் அடுத்த தலைமுறை எழுத்தும் மாறியது. அச்சு பரவியதும் அந்தச் சுதந்திரம் போயிற்று. ஒரே வடிவம் ஆயிரம் பிரதிகளில் நாடெங்கும் போனது. படிக்கக் கற்றவர்கள் அந்த வடிவத்தையே சரி என்று கற்றார்கள். அச்சுக்கு முன் செத்த ஒலிகள் எழுத்தையும் கூட்டிக்கொண்டு போயின. அச்சுக்குப் பின் செத்த ஒலிகள் எழுத்தை விட்டுவிட்டுப் போயின. ஒலிக்காத எழுத்துகளில் பெரும்பகுதிக்கு விளக்கம் இந்த ஒரு விதியில் அடங்கிவிடும்.

3. டபிள்யூ-ஆர்: முறுக்கிய சொற்கள்

அச்சுக்குப் பின் நாவில் நலிந்து எழுத்தில் நின்ற இன்னொரு கூட்டம் ‘டபிள்யூ’வும் ‘ஆர்’ரும் சேர்ந்து தொடங்குவது. இந்தக் கூட்டத்தை ஒரே மூச்சில் அடுக்கிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

‘ரிங்’: ஈரத் துணியைப் பிழிதல். ‘ரெஞ்ச்’: திருகிப் பிடுங்குதல். ‘ரிஸ்ட்’: மணிக்கட்டு, அதாவது கை திரும்பும் மூட்டு. ‘ரெஸில்’: மல்லுக்கட்டி உருளுதல். ‘ரீத்’: கொடியையோ பூவையோ வளைத்துக் கட்டிய வளையம். ‘ரைத்’: வலியில் நெளிதல். ‘ரிங்கிள்’: சுருக்கம். ‘ரை’: கோணலாக வைத்த வாய், கோணல் சிரிப்பு.

எல்லாவற்றிலும் திருகல் இருக்கிறது. பிளம்பர் குழாய் மாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். பைப் ரெஞ்சின் பல்லைக் குழாயில் கவ்வ வைத்து, கைப்பிடியை ஒரு சுற்று திருப்புகிறார். திரும்புவது அவருடைய மணிக்கட்டு. இறுக்கி முடித்துக் கைத்துணியைப் பிழிகிறார். அந்த ஒரு நிமிட வேலையில் கருவி, மூட்டு, செயல் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர் ‘டபிள்யூ-ஆர்’ என்றே தொடங்குகிறது. ஐந்து முறை இம்போசிஷன் எழுதுவதைவிட, இதை ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு அந்த ‘டபிள்யூ’ மறக்காது.

இந்தக் கூட்டத்தின் தலைவன் என்று நான் கருதுவது ‘ராங்’. தவறு என்று நாம் பொருள் சொல்லும் சொல். ஸ்காண்டிநேவியர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் பொருள் வளைந்தது, கோணியது. அதற்கு எதிர்ச்சொல்லான ‘ரைட்’டுக்கு அடிப்படைப் பொருள் நேரானது. சட்டம் படித்தவர்கள் ‘டார்ட்’ என்ற சொல்லை அறிவார்கள். பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு வகை. அதுவும் லத்தீனில் முறுக்கியது என்ற பொருளுடையது.

நமக்கு இது புதிதல்ல. செங்கோல் என்றால் நேரான கோல். கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். ‘கொடு’ என்பதற்கு வளைவு என்பது பழம்பொருள். கொடுமை அதிலிருந்து கிளைத்தது. வள்ளுவர் செங்கோன்மையை 55-ஆம் அதிகாரமாகவும் கொடுங்கோன்மையை 56-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். நேர்மை என்ற சொல்லில் நேர் இருக்கிறது. கோணல் புத்தி என்பதில் கோணல் இருக்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் நீதியை நேர்கோட்டிலும் அநீதியை வளைவிலும் கண்டிருக்கின்றன.

ஆனால் குறுக்கு விசாரணை என்று சொல்லிவிட்டு ஒரே பக்கச் சாட்சியை மட்டும் கேட்கக் கூடாது. இந்தக் கூட்டத்தில் திருகலோடு சம்பந்தமில்லாத சொற்களும் உண்டு. எழுதுதல் என்னும் ‘ரைட்’ கீறுதலிலிருந்து வந்தது. மரத்திலும் கல்லிலும் கீறி எழுதிய காலத்தின் சொல். ‘ரென்’ ஒரு சிறு குருவி. கப்பல் சிதைவைக் குறிக்கும் ‘ரெக்’ கரையில் அடித்து ஒதுங்கியதைச் சொன்னது. இவற்றிலும் ‘டபிள்யூ’ ஒரு காலத்தில் ஒலித்தது என்பது மெய். திருகல் என்பது மட்டும் இவற்றுக்குப் பொருந்தாது.

4. ஜி-எச்: ஒரு கூட்டெழுத்து, பல ஊர்கள்

இப்போது எல்லாரும் பயப்படும் கூட்டெழுத்துக்கு வருகிறேன். ‘ஜி’யும் ‘எச்’சும்.

இரவு, ஒளி, எட்டு, சரி. ஆங்கிலத்தில் ‘நைட்’, ‘லைட்’, ‘எய்ட்’, ‘ரைட்’. நான்கிலும் நடுவில் ‘ஜி-எச்’. ஜெர்மனில் இந்த நான்கும் ‘நஹ்ட்’, ‘லிஹ்ட்’, ‘அஹ்ட்’, ‘ரெஹ்ட்’. தொண்டையை உரசி வரும் அந்த ‘ஹ்’ ஒலிதான் ஆங்கிலத்திலும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எச்’ மட்டும் எழுதினார்கள். 1066-இன் நார்மன் படையெடுப்புக்குப் பின் வந்த, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் காலத்தில் ‘ஜி-எச்’ என்று எழுதும் முறை நிலைபெற்றது. ஒலி பிறகு தேய்ந்தது. ஸ்காட்லாந்தில் பழைய பேச்சு உள்ள இடங்களில் இரவை ‘நிஹ்ட்’ என்று இன்றும் சொல்வார்கள்.

மாணவர்களுக்கு உடனே பயன்படும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லில் ‘ஜி-எச்’ வரும் இடத்தில், லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்த உறவுச் சொல்லில் பெரும்பாலும் ‘சி’ நிற்கும். எட்டுக்கு ‘எய்ட்’, பழைய ரோமானிய ஆண்டின் எட்டாம் மாதம் ‘அக்டோபர்’, எட்டுக் கை உள்ளது ‘ஆக்டோபஸ்’. இரவுக்கு ‘நைட்’; இரவில் திரியும் விலங்கு ‘நாக்டர்னல்’. நேரானதற்கு ‘ரைட்’, செங்கோணங்கள் கொண்ட உருவம் ‘ரெக்டாங்கிள்’, நேராக்குவது ‘கரெக்ட்’. ஒளிக்கு ‘லைட்’, தெளிவான நடை ‘லூசிட்’. மூல மொழியின் ‘க்’ ஒலி, ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த கிளையில் ‘ஹ்’ ஆகிவிட்டது. லத்தீன் கிளையில் ‘க்’ ஆகவே இருந்தது. 1822-இல் யாக்கோப் கிரிம் இப்படிப்பட்ட மாற்றங்களை வரிசைப்படுத்திக் காட்டினார். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகள் தொகுத்தாரே, அதே கிரிம்தான். ஒரு ‘ஜி-எச்’சைப் புரிந்துகொண்ட மாணவன் அரை டஜன் கடினமான சொற்களின் பொருளை ஊகித்துவிடலாம்.

சில சொற்களின் இறுதியில் இந்தத் தொண்டை ஒலி தேயாமல் உதட்டுக்கு நகர்ந்து ‘ஃப்’ ஆயிற்று. சிரிப்பதற்கான ‘லாஃப்’, இருமலுக்கான ‘காஃப்’, சொரசொரப்பான ‘ரஃப்’, போதும் என்பதற்கான ‘இனஃப்’. இதை வைத்து ஒரு பழைய கேலி உண்டு. ‘இனஃப்’பின் ‘ஜி-எச்’சை எடுத்துக்கொள், ‘விமென்’னின் ‘ஓ’வை எடுத்துக்கொள், ‘நேஷன்’னின் நடு எழுத்துகளை எடுத்துக்கொள், சேர்த்தால் ‘ஃபிஷ்’ என்று வாசிக்கலாம் என்பார்கள். பெர்னார்ட் ஷா சொன்னதாகப் பலர் நம்புகிறார்கள். ஆனால் ஷா பிறப்பதற்கு முன், 1855-இலேயே ஒரு கடிதத்தில் இது இருக்கிறது.

கேலி நன்றாகத்தான் இருக்கிறது. இலக்கணம் படித்த தமிழர் இதற்கு மயங்க வேண்டியதில்லை. ஓர் எழுத்து மொழிமுதலில் எப்படி நிற்கும், இடையில் எப்படி, கடையில் எப்படி என்று பிரித்துப் பார்க்கத் தொல்காப்பியம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கடல், அகம், தங்கம் மூன்றிலும் நம் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்தக் குழந்தையும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் இடம்தான் ஒலியை முடிவு செய்கிறது. ‘ஜி-எச்’சுக்கும் அப்படியே. மொழிமுதலில் அது ‘க’ மட்டுமே. ‘ஃப்’ ஆகவே ஆகாது. ‘ஃப்’ ஆவது சொல்லின் கடைசியில், அல்லது அந்தச் சொல்லிலிருந்து பிறந்த ‘லாஃப்டர்’ போன்றவற்றில். ‘டி’க்கு முன் வந்தால் பெரும்பாலும் மௌனம். மீன் வலையில் சிக்கவில்லை.

மொழிமுதல் ‘ஜி-எச்’ தனிக் கதை. பேய் என்னும் ‘கோஸ்ட்’டுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘எச்’ கிடையாது. காக்ஸ்டன் முப்பது ஆண்டுகள் போல இன்றைய பெல்ஜியம், ஹாலந்து பகுதிகளில் வாழ்ந்தவர். அவரோடு அங்கிருந்து வந்த அச்சுக் கோப்பவர்களும் இருந்தார்கள். அவர்கள் மொழியில் பேய்க்கு ‘ஜி-எச்’ போடுவது வழக்கம். ஈய எழுத்துப் பெட்டிக்கு முன் நின்று, ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் பொறுக்குகிற கை, பழகிய சொல் வந்ததும் பழகிய வழியில் ஓர் ‘எச்’சையும் சேர்த்து எடுத்து வைத்திருக்கும். அறிஞர்கள் தரும் விளக்கம் அதுதான். இந்த ‘எச்’ ஒருபோதும் ஆங்கிலத்தில் ஒலித்ததில்லை. வாசகர் பார்ப்பது ஒலியின் நினைவை அல்ல, ஒரு தொழிலாளியின் கைப்பழக்கத்தை.

அந்த வாசல் வழியாக மற்றவர்களும் நுழைந்தார்கள். ஊறுகாய்க்கு ஆகும் பிஞ்சு வெள்ளரி ‘கெர்கின்’ டச்சுக்காரர்களிடமிருந்து. பிணம் தின்னும் பூதம் ‘கூல்’ அரபியிலிருந்து. யூதர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய இடம் ‘கெட்டோ’ 1516-ஆம் ஆண்டின் வெனிசிலிருந்து. நெய்யைக் குறிக்கும் ‘கீ’யும் மலைத்தொடரைக் குறிக்கும் ‘காட்’டும் இந்தியாவிலிருந்து. நான்கு திசையிலிருந்து வந்தவை ஒரே முகப்பெழுத்தில் நிற்கின்றன. எழுத்தை மட்டும் நம்பி இவற்றைச் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது.

5. கற்றவர் வைத்த பொய்ச் சாட்சி

எழுத்து மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் மறுமலர்ச்சிக் காலத்தில் இருக்கிறது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்த ஆங்கிலேயர்களுக்குத் தம் மொழி எளிய வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்தது. பெரிய வம்சம் காட்ட ஆசைப்பட்டார்கள்.

கடன் என்னும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பஸ்ஸுக்கு உரிய ‘பி’ இல்லை. லத்தீனில் ‘டெபிட்டும்’ என்று இருக்கிறதே என்று அதை நடுவில் செருகினார்கள். சந்தேகம் என்னும் ‘டவுட்’டுக்கும் அதே சிகிச்சை. பணம் கட்டினால் கிடைக்கும் ‘ரிசீட்’டில் லத்தீன் நினைவாகப் பென்னுக்கு உரிய ‘பி’ வைத்தார்கள். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘டிசீட்’ என்ற வஞ்சகத்துக்கும் ‘கன்சீட்’ என்ற தற்பெருமைக்கும் வைக்க மறந்துவிட்டார்கள்.

ஷேக்ஸ்பியர் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலஃபெர்னிஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். கடனையும் சந்தேகத்தையும் ‘பி’ ஒலிக்காமல் சொல்லுகிறவர்கள் மொழியைக் கெடுக்கிறார்கள் என்று அவர் கோபப்படுகிறார். செருகிய எழுத்தை ஒலிக்கவும் வேண்டும் என்பது அவர் கட்சி. ஊர் கேட்கவில்லை, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

இவற்றில் வம்சமாவது உண்மை. வம்சமே பொய்யானவையும் உண்டு. தீவு என்னும் ‘ஐலண்ட்’ தூய ஆங்கிலச் சொல். அதில் ‘எஸ்’ இருந்ததே இல்லை. லத்தீனின் ‘இன்சுலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இதுவும் அதன் உறவுதான் என்று எண்ணி ‘எஸ்’ சேர்த்தார்கள். கத்தரிக்கோல் என்னும் ‘சிசர்ஸ்’, அரிவாள் வகையான ‘சைத்’ இரண்டிலும் முதலில் வரும் ‘எஸ்-சி’ கூட்டெழுத்து இப்படி வெட்டுதல் என்ற லத்தீன் சொல்லோடு தவறாக முடிச்சுப் போட்டதால் வந்தது. ஸ்காட்லாந்து மலைகளில் ‘டார்மிகன்’ என்று ஒரு பறவை. கேலிக் மொழிப் பெயர். 1684-இல் ராபர்ட் சிபால்ட் என்பவர் கிரேக்கத்தில் இறகைக் குறிக்கும் சொல்லை நினைத்துக்கொண்டு முன்னால் பென்னின் ‘பி’யை வைத்தார். கிரேக்கம் அறியாத பறவை இன்றுவரை அந்தப் பட்டத்தோடு பறக்கிறது.

6. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து

மூன்றாம் வகைச் சாட்சி யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கற்றுக்கொண்டது. ‘ஷுட்’, ‘வுட்’, ‘குட்’ மூன்றும் ஒன்றாகவே திரிகின்றன. முதல் இரண்டிலும் ‘எல்’ நியாயமானது. ‘ஷல்’, ‘வில்’ என்ற மூலங்களில் அது கேட்கிறது. மூன்றாவதன் மூலம் ‘கேன்’. அதில் ‘எல்’ ஏது? இரண்டு பேர் வைத்திருக்கிறார்களே என்று அதற்கும் எழுதிவிட்டார்கள். மகிழ்ச்சி என்னும் ‘டிலைட்’ பிரெஞ்சுச் சொல். ஒளியைக் குறிக்கும் ‘லைட்’டின் சாயலில் ‘ஜி-எச்’ பெற்றது. ஆட்டுக்குட்டி ‘லாம்ப்’ என்று எழுதப்படுவதில் கடைசியில் நிற்கும் பஸ்ஸின் ‘பி’ பழையது, சீப்பிலும் பழையது. கட்டைவிரல் ‘தம்ப்’பிலும் ரொட்டித் துகள் ‘க்ரம்ப்’பிலும் அது பின்னால் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் மௌனமாக இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு மௌனி வந்து நின்றால் யாருக்குத் தெரியும்?

இந்த வகையில் எனக்குப் பிடித்தது தும்மல். ‘எஸ்-என்’ என்று தொடங்கும் சொற்களில் மூக்கு சம்பந்தப்பட்டவை ஏராளம்: முகர்வது ‘ஸ்னிஃப்’, குறட்டை ‘ஸ்னோர்’, விலங்கின் நீண்ட மூக்கு ‘ஸ்னவுட்’, மூக்குச்சளி ‘ஸ்னாட்’, மூக்கால் சீறுவது ‘ஸ்னார்ட்’. தும்மல் ‘ஸ்னீஸ்’. ஆனால் பழைய ஆங்கிலத்தில் தும்மலுக்கு ‘ஃப்னேயசன்’ என்று பெயர். ‘எஃப்-என்’ என்ற தொடக்கம் மொழியிலிருந்தே மறைந்தபோது, தும்மல் மூக்குக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. அக்கால நீள ‘எஸ்’ பார்க்க ‘எஃப்’ போலவே இருந்ததும் உதவியிருக்கலாம்.

‘ஜி-எல்’ என்று தொடங்கும் மினுக்கச் சொற்களும் இப்படித்தான்: ‘க்ளீம்’, ‘க்ளோ’, ‘க்ளிட்டர்’, ‘க்ளின்ட்’, ‘க்ளேர்’. பொருள் சாயல் ஏறிய இத்தகைய ஒலிக்கூட்டுக்கு 1930-இல் ‘ஃபொனெஸ்தீம்’ என்று பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் லண்டனில் பொது மொழியியலுக்கு அமைந்த முதல் பேராசிரியர் பதவியை 1944-இல் ஏற்றவர். தமிழ் கற்க விரும்பும் வெளிநாட்டாருக்கான ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றி 1934-இல் பின்னிணைப்பு எழுதியவரும் இவரே. இந்த அவையில் அவரை நினைவுகூர நமக்கு உரிமை உண்டு.

7. துடைத்துவிடலாமே?

இவ்வளவு குழப்பம் எதற்கு, ஒலிக்காததை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் சிலவற்றை மாற்றி வெற்றி கண்டார்; நாக்கு, பெண்கள் ஆகியவற்றுக்கு அவர் சொன்ன எளிய ஸ்பெல்லிங்கை அவர் நாடே ஏற்கவில்லை. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக்கி அரசு ஆவணங்களை அச்சிட ஆணையிட்டார். நாடாளுமன்றம் எதிர்த்தது, ஆணை கைவிடப்பட்டது. பெர்னார்ட் ஷா புதிய எழுத்துமுறை ஒன்றுக்காக உயில் எழுதி வைத்தார். 1962-இல் அவர் நாடகம் ஒன்று அந்த எழுத்தில் வந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. நம் ஊரில் 1978-இல் அரசாணை வந்து ‘லை’, ‘னை’ போன்றவற்றின் வடிவம் மாறியது, மக்கள் ஏற்றார்கள். ஆங்கிலத்துக்கு அப்படி ஆணையிட ஒரே அரசும் இல்லை, ஒரே நாடும் இல்லை.

இந்த எழுத்துகளால் பிள்ளைகள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்கும் உலகம் முழுவதும் இதற்கு நேரத்தாலும் மதிப்பெண்ணாலும் விலை கொடுக்கிறது. ஆனால் கொடுத்த விலைக்குக் கைமாறு எதுவும் இல்லை என்பதையும் நான் ஒப்பவில்லை. கையெழுத்திடும் ‘சைன்’னில் ‘ஜி’ பேசாது. ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ என்றதும் பேசும். தசை என்னும் ‘மஸில்’லில் ‘சி’ பேசாது. ‘மஸ்குலர்’ என்றதும் பேசும். ‘பாம்’ என்பதில் மௌனமான ‘பி’ ‘பம்பார்ட்’டில் வெடிக்கும். ‘காலம்’ எழுதுபவர் ‘காலம்னிஸ்ட்’ ஆனதும் ‘என்’ எழும். பொய்ச் சாட்சி என்று நான் சொன்ன ‘டெட்’டின் ‘பி’யும்கூட, வங்கிக்காரர் ‘டெபிட்’ என்னும்போது உதவிக்கு வருகிறது. ஒலி பிரித்த சொற்களை எழுத்து கண்ணுக்குச் சேர்த்துக் காட்டுகிறது.

8. ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஆகவே வகுப்பில் “சைலண்ட்” என்று சொல்லி நிறுத்த வேண்டாம். அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ஒரே எழுத்தைக் கொண்ட சொற்களைப் பொருளோடு பலகையில் அடுக்குங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எழுத்து ஒரு காலத்தில் ஒலித்ததா? இன்று ஏதாவது ஓர் உறவுச் சொல்லில் ஒலிக்கிறதா? இல்லையென்றால் இதை இங்கே வைத்தது யார்? சொற்பிறப்பைத் தரும் அகராதி ஒன்று வகுப்பில் இருந்தால் மூன்றுக்கும் பிள்ளைகளே விடை தேடிவிடுவார்கள். எட்டாம் வகுப்புக்கு இது அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துப்புத் துலக்குவதில் ஆர்வமில்லாத எட்டாம் வகுப்பு கிடையாது.

எல்லாச் சொல்லுக்கும் விடை கிடைக்காது. கிடைத்த விடையும் சில வேளை அகராதிக்கு அகராதி மாறும். அதுவும் நல்ல பாடமே. அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாமல், இது எப்படி வந்தது என்று கேட்கப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தோடு நிற்க மாட்டான். வரலாற்றுப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் அதே கேள்வியைக் கேட்பான். தீவில் ‘எஸ்’ வைத்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான். படித்தவர் சொன்னார் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது என்பதைப் அந்த வயதில் ஒரு ஸ்பெல்லிங் பாடம் சொல்லிக்கொடுக்குமானால், அந்தப் பாடத்துக்கு நாம் கொடுக்கும் வகுப்பு நேரம் வீண் அல்ல.